ஒத்துக்கொள்ளாதவளின் சாட்சி

"நீ சாமி கும்பிடுவியாம்மா?" என்று அவர் கேட்டபோது நான் முதல் கவளத்தைக் கையில் எடுத்திருந்தேன்.

அந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம் அது. கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். துறைமுகச் சாலையில் ஒரு மாடிக் கட்டடம். சாப்பிடுவதற்குப் பின்பக்கம் ஜன்னலோரமாக ஒரு நீள மேசை. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். தூரத்தில் கிரேன்களின் தலைகள் தெரியும். காற்று திரும்பினால் சோற்றில் துறைமுகத்து நிலக்கரித் தூள் விழும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த கூச்சத்தில் யாருடனும் பேசாமல் டிபன் பாக்ஸைத் திறந்து, வீட்டுப் பழக்கத்தில் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தேன். எதிரே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். சரக்குப் பெட்டிகளை இறக்கி அடுக்கும் யார்டில் சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். வெயிலில் கருத்த முகம், முழங்கை வரை மடித்த சட்டை, நரைத்த மீசை.

கும்பிடுவேன் என்றேன். "ஏன்?" என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. இன்ன கப்பல் எப்போது வரும் என்று விசாரிக்கிற மாதிரி, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சூடம் காட்டாமல் அப்பா கல்லாவில் உட்கார்ந்ததில்லை. தசராவுக்கு எங்கள் வீட்டில் விரத மாலை போடாத வருசம் இல்லை. அதுவரை என் வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. பக்கத்தில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அலுவலகக் கணக்கு எழுதும் கணக்கு சார், நெற்றியில் மெல்லிய திருமண்ணோடு, "பதில் சொல்லாதேம்மா, மாட்டிண்டுடுவே" என்றார். நான், "நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "சரி. யோசிச்சுட்டு வா. அவசரமில்ல" என்றார்.

மறுநாள் நான் சொன்ன பதில் எனக்கே இப்போது நினைவில்லை. அவர் அதை இரண்டே கேள்வியில் கவிழ்த்துவிட்டார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதற்கு மாற்றுப் பதில் தேடிக்கொண்டே போனேன். அப்படித் தொடங்கியது. பிறகு பல வருசங்கள், ஞாயிறும் பண்டிகையும் போக, அந்த மேசையில் நாங்கள் மூன்று பேரும் சோற்றோடு சேர்த்துக் கடவுளையும் அரசியலையும் பிசைந்துகொண்டிருந்தோம்.

அண்ணாச்சி பனங்காட்டு ஊரில் பிறந்து தூத்துக்குடிக்கு வந்தவர். கடவுள் இல்லை என்பது அவர் கட்சி. கணக்கு சார் தாமிரபரணிக் கரையில் ஒரு கோயில் ஊர்க்காரர்; பரம்பரையாகப் பெருமாள் கைங்கரியம் செய்த குடும்பம். அவருக்குக் கடவுள் விஷயத்தில் சந்தேகமே கிடையாது. அரசியலில் இருவரும் வேறு வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். சாமி விஷயத்தில் சார் பக்கம், ஓட்டு விஷயத்தில் பெரும்பாலும் அண்ணாச்சி பக்கம். ஆகவே அன்றன்றைய பேச்சுக்கு ஏற்றபடி அணி மாறும். தேர்தல் நேரத்தில் சார் தனியாள். திருவிழா நேரத்தில் அண்ணாச்சி தனியாள். எங்களுக்குள் சில வழக்கங்கள் தாமாக ஏற்பட்டிருந்தன. பேச்சை முடிக்கப் போனை எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒருவர் சொல்லி முடிக்கும் முன் அடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. குரலை உயர்த்தியவர் சாயங்காலம் எல்லோருக்கும் பேக்கரியில் மக்ரூன் வாங்கித் தர வேண்டும். அதிகம் வாங்கித் தந்தது சார்தான். அண்ணாச்சி குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வர வர அவர் குரல் தணியும்.

சிரிப்பு நிறைய இருந்தது. ஆனாலும் அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதை எனக்கு உணர்த்திய ஒரு மதியம் உண்டு. சார் தன் ஊர்த் தேரோட்டத்தைப் பற்றி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். தேர் நிலையை விட்டு அசையும் அந்தக் கணத்தில் கூட்டத்தில் யார் யார் என்கிற வித்தியாசமே அற்றுப் போய்விடும் என்றார். அண்ணாச்சி முழுதும் கேட்டுவிட்டு, தன்னுடைய தாத்தா அந்த ஊர்ச் சந்தைக்குக் கருப்பட்டி சுமந்துகொண்டு போவார் என்றும், தேர்த் தெரு வழியாகப் போக முடியாமல் ஊரைச் சுற்றி வாய்க்கால் கரையோரமாக நடப்பார் என்றும் சொன்னார். சார், அது பெருமாள் போட்ட சட்டம் இல்லை, மனுஷன் போட்டது என்றார். "சரி சார். மனுசன் போட்டதாவே இருக்கட்டும். உங்க பெருமாள் எதுக்குப் பாத்துக்கிட்டே இருந்தாரு?" என்றார் அண்ணாச்சி. குரல் மிகவும் தணிந்திருந்தது. சார் அன்று சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். இனி அந்த மேசைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் வந்தார். உட்கார்ந்தார். "ராத்திரி பூரா யோசிச்சேன். எங்கிட்ட பதில் இல்லை. பதில் இல்லாமலேதான் நான் சேவிக்கிறேன்" என்றார். அண்ணாச்சி தன் டப்பாவிலிருந்த வாழைக்காய்ப் பொரியலில் பாதியை எடுத்து, சாருடைய தட்டில் வைத்தார். சார் அதைச் சாப்பிட்டார். வெளிச் சமையலைத் தொடாத மனிதர் அவர்.

என்னிடம் அண்ணாச்சியும் ஒருமுறை தோற்றார். அல்லது தோற்கப் பார்த்தார். தன் உடம்பை எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது, மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். "இந்த உடம்பு இத்தனை காலம் யார்டுல நின்னு வேலை பாத்திருக்கு. செத்த பிறகும் அதுக்கு ஒரு வேலை இருக்கட்டுமே. நாலு பிள்ளைக பாத்துப் படிக்கட்டும்" என்பார். ஒரு நாள் நான் அவரை மடக்கினேன். அவர் கொள்கைப்படி, செத்தவருக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது. அப்படியென்றால் வீட்டில் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து, சங்கு ஊதி, முறைப்படி வழியனுப்பினால் அவருக்கு என்ன நட்டம்? இருக்கிறவர்களுக்கு அது ஆறுதல் என்றால் செய்துவிட்டுப் போகட்டுமே என்றேன். சார் மேசையைத் தட்டி, "ஆடிட்டர் மாதிரி பிடிச்சுட்டாளே" என்றார். அன்று அண்ணாச்சி பதில் சொல்லாமலேயே யார்டுக்குப் போனார்.

மறுநாள் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "நான் இருக்க மாட்டேன். ஆனா நான் சொன்ன சொல்லு இருக்கும்லா. ஒருத்தன் போன மறுநிமிசமே அவன் சொல்லுக்கு மதிப்பு இல்லன்னா, அவன் உசுரோட இருந்தப்பவும் அதுக்கு மதிப்பு இல்லன்னுதான அர்த்தம்." நான் விடவில்லை. இருக்கிறவர்கள் மனசுக்கும் மதிப்பு வேண்டாமா என்றேன். அதற்கு அவர் ஒரு பதில் சொன்னார், அதற்கு நான் ஒன்று சொன்னேன். பிறகு சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அந்த விவாதம் முடியவே இல்லை. முடிக்க இன்னும் எத்தனையோ மதியங்கள் இருக்கின்றன என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள் அண்ணாச்சி யார்டில் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் நானும் சாரும் ஓர் ஆட்டோவில், அவர் வீடு இருந்த மாப்பிள்ளையூரணிக்குப் போனோம். தெரு முனையிலேயே சங்கும் சேகண்டியும் கேட்டன. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணாச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். அந்த நெற்றியில் நான் அதுவரை வேர்வையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி. பக்கத்திலேயே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லா ஏற்பாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் என் அருகில் வந்து நின்றார். "அவர் மருத்துவக் கல்லூரிக்குன்னா சொன்னார்" என்றார், யாருக்கும் கேட்காதபடி. தெரியும் என்றேன். உண்மையைச் சொன்னால், பேசாமல் நின்றுவிடலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. நீர்மாலைக்கு வாளியும் செம்பும் தயாராக இருந்தன. ஒரு மனிதர் இந்த முறைமையோடு போவதில் எனக்கு மனநிறைவுகூட இருந்தது. இத்தனை வருசம் நான் எந்தப் பக்கம் நின்று பேசினேனோ அந்தப் பக்கம் அங்கே தானாகவே ஜெயித்துக்கொண்டிருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பதுதான். சார் என் முகத்தைப் பார்த்தார். "நாம இப்ப பேசாம இருந்தா, அவர் வாயை மூடிட்டு நாம ஜெயிச்ச மாதிரி ஆயிடும்மா" என்றார்.

தம்பியைப் பந்தலுக்கு வெளியே அழைத்துச் சொன்னோம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தன் அண்ணன் வெளியில் ஆயிரம் பேசுவார், அதெல்லாம் பேச்சுக்காகப் பேசியது என்றார். எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றோம். அப்போதுதான் அவர் முகம் இறுகியது. "சாப்பாட்டு நேரத்துல நாலு பேரு பேசிச் சிரிச்சதையெல்லாம் எழவு வீட்டுல கொண்டு வந்து வைக்காதீங்க. எங்கண்ணனுக்குக் கொள்ளி வைக்கக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லையா?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. நாங்கள் சிரித்தோம், உண்மைதான். ருசித்து ருசித்துப் பேசினோம். அது விளையாட்டா, நெஞ்சறிந்து பேசியதா? இரண்டும்தான் என்பதை அந்தப் பந்தலில் நின்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு சொல்ல வேண்டியவர் அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி. கல்லூரிக்கும் அவர் சம்மதம் வேண்டும். சார் ஆண்கள் பக்கம் நின்றுகொள்ள, நான் உள்ளே போனேன். மதினியை அதற்குமுன் இரண்டொரு கல்யாண வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் முருகன் டாலர், நெற்றியில் பெரிய குங்குமம் என்று எப்போதும் கோயிலிலிருந்து நேராக வந்தவர் மாதிரியே இருப்பார். அன்று சுவரில் சாய்ந்து, அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. சடங்கைப் பற்றிக் கேட்பார், பாவம் புண்ணியம் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். கட்டினவளிடம் சொல்லாததை, கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார் என்பதே அவருக்கு வலித்தது. "வீட்டுல இதெல்லாம் பேசவே மாட்டாக. நான் விளக்கேத்துனா தள்ளிப் போயி உக்காந்துக்கிடுவாக. அம்புட்டுதான். ஒரு நாளும் எங்கிட்ட ஏன்னு கேட்டதில்ல" என்றார். உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இருந்திருப்பார் மதினி என்றேன். "கேட்டிருக்கலாம்" என்றார் அவர்.

பிறகு, "அவுக ஏன் அப்படிச் சொன்னாக? அதைச் சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அந்த அறையில், பெண்கள் நடுவில் உட்கார்ந்து, கடவுளை நம்புகிற நான், கடவுளை நம்பாத ஒருவருடைய வாதத்தை அவர் சொன்ன வரிசையிலேயே, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே முழுவதும் சொன்னேன். உடம்புக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றதை, நான் மடக்கியதை, மறுநாள் அவர் சொல்லைப் பற்றிச் சொன்னதை. சொல்லச் சொல்ல, அவரை மறுப்பதற்காகவே நான் அதையெல்லாம் எவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருந்தேன் என்பது எனக்குப் புரிந்தது. ஒத்துக்கொண்டிருந்தால் அப்போதே மறந்து போயிருப்பேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ சாமி கும்பிடுதவதான?"

"ஆமா மதினி."

"அவுக சொன்னத நீ ஒத்துக்கிட்டியா?"

"இல்ல மதினி. அன்னைக்கும் ஒத்துக்கிடல. இப்பவும் எனக்கு மனசில்ல. ஆனா அண்ணாச்சி சொன்னது இதுதான்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒத்துக்கிட்டவ யாராவது வந்து சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். ஒத்துக்கிடாத நீ வந்து சொல்லுத. அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றார். எழுந்து, மற்றப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கொழுந்தனைக் கூப்பிட்டுச் சங்கை நிறுத்தச் சொன்னார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஈரத்துணியால் அந்தத் திருநீற்றைத் தன் கையாலேயே துடைத்தார். நெற்றி பழையபடி ஆனது.

கல்லூரியிலிருந்து வண்டி வர மதியம் ஆயிற்று. சொந்தக்காரர்களில் சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி போகவில்லை. வண்டி வந்ததும் வேறு யாரையும் விடாமல் தலைமாட்டைத் தானே பிடித்துத் தூக்கினார். கதவைச் சாத்தும்போது நான் சாரைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றிருந்த அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. திரும்பி வரும்போது ஆட்டோவில், அவருக்காகப் பிரார்த்தனை ஏதும் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன்மா. அவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாத நேரமாப் பார்த்துச் சொல்லிட்டேன். நியாயமில்லைதான்" என்று சொல்லிவிட்டு, அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருசமே சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். எங்கள் அலுவலகம் இப்போது புறவழிச் சாலைப் பக்கம் குளிர்சாதன வசதியுள்ள கட்டடத்துக்கு மாறிவிட்டது. சாப்பிடத் தனி அறை இருக்கிறது. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு போன். அரசியல் அங்கேயும் ஓடுகிறது, மதமும் ஓடுகிறது, எல்லாம் வாட்ஸ்அப்பில். ஒருவர் ஒன்றை அனுப்புகிறார். பிடித்தவர்கள் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். பிடிக்காதவர்கள் அவருடன் சாப்பிட உட்காருவதை நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் புதிதாக வந்திருக்கும் பெண் தினமும் ஏதோ ஒரு சாமியாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள். அவரிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டேன். பயந்துவிட்டாள். "அது என் பெர்சனல் அக்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளிடம் அப்படிக் கேட்டவர்கள் எல்லாம் சண்டைக்குக் கேட்டவர்களாகவே இருந்திருப்பார்கள். தன் நம்பிக்கையை எதிராளியின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதற்கு, அவன் அதைக் கீழே போட்டு உடைக்க மாட்டான் என்கிற நிச்சயம் வேண்டும். எங்களுக்கு அது இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன மாதம் மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள் மதினி வீட்டில் எட்டிப் பார்த்தேன். திருச்செந்தூர் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பன்னீர் இலையில் மடித்த திருநீற்றை எடுத்து நீட்டினார். பூசிக்கொண்டேன். முன்பெல்லாம் அண்ணாச்சியும் கூட வருவாராம். கோயிலுக்குள் வராமல் கடலைப் பார்த்துக்கொண்டு மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். "இப்ப உள்ள நின்னு கும்பிடும்போது, வெளில யாரும் காத்திருக்கலங்கிறது ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பிறகு, அர்ச்சனைக்கு அண்ணாச்சியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னதாகச் சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்தார்.

"அவுக இருந்தா இதுக்கு என்ன சொல்லுவாக?" என்று கேட்டார்.

சொன்னேன். இல்லாத ஆளுக்கு எதற்கு அர்ச்சனை, இருக்கிற நீங்கள் உங்கள் பெயருக்கே செய்துகொள்ளலாமே என்று கேட்டிருப்பார் என்றேன். "அது சரியில்ல" என்றார் மதினி. அந்தக் குரல் எனக்குப் புதிது. சுருக்கென்று, பேச்சுக்குத் தயாராக வந்திருந்த குரல். கடைசி பஸ்ஸுக்கு முந்தினதைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தவளை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவுக பக்கத்த இன்னும் முழுசாச் சொல்லு. எங்கிட்ட பதில் இருக்கு" என்றார்.